கார்பன் ஃபைபர் துப்பாக்கிக் கட்டை: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

கார்பன் ஃபைபர் கட்டை (கையால் பிடித்துத் தோளில் சாய்க்கும் பகுதி) பொருத்திய ரைஃபிளில் ஏதேனும் பிழை தோன்றினால், பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கார்பனைத்தான். எடை குறைவு, தட்டினால் வெற்றுப் பெட்டிபோல் ஒலிக்கிறது, ஆகவே பலமும் குறைவாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நான் கழற்றிப் பார்த்த கட்டைகளில் கண்டது வேறு. ஒழுங்காக அடுக்கி, அழுத்தத்தில் இறுக வைத்த கார்பன் ஓடு தன் நடுப்பரப்பில் விட்டுப்போவது மிக அரிது. அது வேறொரு பொருளைச் சந்திக்கும் இடங்களில்தான், அதாவது அலுமினிய பில்லர் (ஸ்க்ரூ நுழையும் உலோகக் குழாய்), எபாக்சி பெடிங் (துப்பாக்கியின் உலோக உடல் அமரும் படுகை), உள்ளே நிரப்பிய நுரை, இரண்டு பாதிகளை ஒட்டிய விளிம்பு, ஸ்லிங் (தோள்வார்) மாட்டும் ஸ்டட் ஆகிய இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீழேயுள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் தேடல் அந்தச் சந்திப்புகளை நோக்கியே செல்கிறது.

தொடங்கும் முன்

மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரல் நுனியாலும் உறுதிசெய்து, போல்ட்டை முழுமையாக வெளியே எடுத்துத் தனியே வைத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். தோட்டாக்கள் அதே மேசையில் இருக்கக் கூடாது. கருவிகள் அதிகம் தேவையில்லை: அளவு காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச், காந்த அடியுடன் கூடிய டயல் இண்டிகேட்டர், கூர்மையான வெளிச்சம் தரும் டார்ச், ஒரு நாணயம், தடித்த காகிதத் துண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பெயின்ட் மார்க்கர் ஆகியவை போதும்.

அடுத்து, கையில் இருப்பது உண்மையில் என்ன கட்டை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கார்பன் என்ற பெயரில் மூன்று வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. நீளமான இழைத்துணியை எபாக்சியில் தோய்த்து அடுக்கி இறுக்கிய ஓடு ஒன்று. நறுக்கிய கார்பன் இழையைக் கலந்து அச்சில் வார்த்த நைலான் இன்னொன்று. சாதாரணக் கட்டையின் மேல் நெசவுப் படம் மட்டும் அச்சிட்டது மூன்றாவது. பட் பேடை (பின்முனையில் தோளைத் தொடும் பட்டை) கழற்றி உள்ளே பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். முதல் வகையில் இழைத்துணியின் நெசவு உட்புறத்திலும் தெரியும், நுரை நிரப்பியிருக்கும் அல்லது வெறுமையாக இருக்கும். வார்த்த வகையில் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். இங்கே சொல்லப்படுபவை முதல் வகைக்கே முழுமையாகப் பொருந்தும்.

அறிகுறி: குண்டு படும் இடம் நகர்கிறது, அல்லது குரூப் (குண்டுத் துளைகளின் கூட்டம்) விரிகிறது

இதுவே அதிகம் வரும் புகார். கட்டையின் மேல் அநியாயமாகச் சுமத்தப்படும் பழியும் இதுவே. ஸ்கோப் வளையங்களும் பேஸும் தளர்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்து, அதே ரகத் தோட்டாக்களால் மீண்டும் சுட்டுப் பார்த்த பிறகுதான் கட்டையின் பக்கம் வர வேண்டும். இலகுவான ரைஃபிளில் இந்த முன்சோதனைக்குக் கூடுதல் காரணமும் உண்டு. மரக் கட்டை பொதுவாக ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் நிலையில் கார்பன் கட்டை 600 முதல் 800 கிராமுக்குள் அடங்கிவிடுவதால், 3.5 கிலோ ரைஃபிள் 3 கிலோவாகக் குறைவது சாதாரணம். அதே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்கு நேர்மாறாக உயர்வதால், அது ஏறத்தாழ 17 சதவீதம் கூடிவிடுகிறது. முன்பு தளராத ஸ்கோப் ஸ்க்ரூக்கள் இப்போது தளர்வது கட்டையின் குறையன்று.

ஸ்கோப் சரியென்று உறுதியானால், குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடலான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களுக்கு வரலாம். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு இழுத்து, ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, கட்டையைத் தயாரித்தவர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்க வேண்டும். அலுமினிய பில்லர் உள்ள கட்டைகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 7 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. பில்லர் இல்லாதவற்றுக்கு 4 முதல் 5 வரை. தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே இறுதி. இறுக்கி முடித்தபோது கோடு பழைய இடத்திலேயே சேர்ந்தால் இறுக்கம் குறைந்திருக்கவில்லை. கால் திருப்பமோ அதற்கு மேலோ தாண்டிச் சென்றால், ஸ்க்ரூ தானாகத் தளர்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடியில் ஏதோ ஒன்று அமுங்கியிருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ தானாகச் சுழன்று தளர்ந்திருந்தால் ஒருமுறை இறுக்கியதோடு வேலை முடிந்துவிடும். அடியில் உள்ளது அமுங்கிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கோடு தாண்டிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ மரைக்கான பசை) பூசி மறைப்பதில் பயனில்லை.

ஒருமுறை என்னிடம் வந்த ரைஃபிளுக்கு உரிமையாளர் இரண்டு ஸ்கோப் மாற்றிப் பார்த்திருந்தார். கட்டைக்கு மறுவண்ணம் பூசிய பட்டறை, பில்லரின் மேல்முகத்தை மறைத்து ஒட்டாமல் அதன் மேலேயே தடிமனாக வண்ணம் அடித்திருந்தது. ஆக்‌ஷன் உலோகத்தின் மேல் உட்காராமல் வண்ணப்படலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் அந்தப் படலம் சிறிது சிறிதாகப் பிதுங்கி வெளியேறிக்கொண்டிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்த வண்ணத்துணுக்கு நகத்தளவுகூட இல்லை. அதை நீக்கியதும் குரூப் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இறுக்கம் நிலையாக இருந்தும் குண்டு நகர்ந்தால் பெடிங்கைச் சோதிக்க வேண்டும். ரைஃபிளை மென்மையான பிடியில் நிமிர்த்தி நிறுத்தி, டயல் இண்டிகேட்டரின் காந்த அடியைக் குழலில் ஒட்டி, முள்ளைக் கட்டையின் முன்நுனியில் தொடவிட்டு, முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தவும். முள் 0.05 மி.மீட்டருக்குள் நின்றால் ஆக்‌ஷன் இழுவிசையின்றி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் நகர்ந்தால், ஸ்க்ரூ இறுகும்போது ஆக்‌ஷன் வளைக்கப்படுகிறது. பெடிங்கைப் புதிதாகப் போடுவதே தீர்வு. அப்படிப் போடும்போது, பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பான ரீகாயில் லக்கின் பின்முகம் மட்டும் பெடிங்கில் முழுமையாகப் படிய வேண்டும். முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் 0.25 மி.மீ. அளவு டேப் ஒட்டி இடைவெளி விட வேண்டும். பெடிங்கால் ஆக்‌ஷனின் உயரம் மாறியிருந்தால், முன் ஸ்க்ரூ நீண்டு போல்ட்டின் லக்கை உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

குழல் தடையின்றி நிற்கிறதா என்பதற்குக் காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைக் கட்டை சும்மா கிடக்கும்போது மட்டும் செய்தால் போதாது. பைபாடை (முன்னால் மாட்டும் இருகால் தாங்கி) விரித்து, சுடும்போது சாய்வதுபோல் முன்னே அழுத்திக்கொண்டே இன்னொருவரைக் காகிதத்தை இழுக்கச் சொல்ல வேண்டும். எடையைக் குறைப்பதற்காக முன்பகுதியில் அடுக்குகளைக் குறைத்த கட்டைகளில் இந்த இரண்டாம் சோதனையில்தான் காகிதம் சிக்கும். சிக்கும் இடத்தைத் தேய்த்து ஆழப்படுத்துவதற்கு முன் அங்கே எத்தனை அடுக்கு உள்ளது என்று தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் தேய்ப்பதில் போவது இழையே.

வெயிலில் மூடிய காரில் வைத்திருந்த பிறகு இந்த அறிகுறி தொடங்கியிருந்தால், சந்தேகம் நேராகப் பெடிங் எபாக்சிக்குச் செல்ல வேண்டும். 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இறுக வைத்த ஓடு இத்தகைய சூட்டைப் பொருட்படுத்தாது. ஆனால் அறை வெப்பத்திலேயே இறுகும் எபாக்சிகள் பல 50 முதல் 70 டிகிரிக்குள் விறைப்பை இழக்கத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அந்த வரம்பை எளிதில் தொடும். ஸ்க்ரூக்கள் இறுகிய நிலையில் இளகிய பெடிங், குளிர்ந்த பிறகு புதிய வடிவத்தில் நின்றுவிடுகிறது.

அறிகுறி: பிடிக்கும்போதோ சுடும்போதோ கிளிக் என்றோ கிரீச் என்றோ ஒலி

முதலில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். ஆக்‌ஷனைக் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் இரு கைகளாலும் பிடித்து மிதமாக முறுக்கிப் பார்த்தால், ஒலி நின்றுவிடுகிறதா தொடர்கிறதா என்பது தெரியும். நின்றால் ஆக்‌ஷனுக்கும் பெடிங்குக்கும் இடையிலோ, மேகசின் பெட்டி கட்டையில் இடிப்பதிலோ தேட வேண்டும். மேகசின் பெட்டிக்கு மேலும் கீழும் சற்று ஆட்டம் இருப்பதே சரி, அது ஆக்‌ஷனுக்கும் ட்ரிகர் கார்டுக்கும் நடுவே நசுங்கினால் குரூப்பும் சேர்ந்து கெடும்.

தொடர்ந்தால் ஒட்டுகளில் ஒன்று விட்டிருக்கிறது. பில்லரும் அலுமினிய பெடிங் பிளாக்கும் முதலில் பார்க்க வேண்டியவை. 20 செ.மீ. நீளமுள்ள அலுமினிய பிளாக், 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 0.18 மி.மீ. நீண்டு சுருங்கும், பல திசைகளில் அடுக்கிய கார்பனோ அதில் ஒரு சிறு பங்கே அசையும். அந்த வித்தியாசம் முழுவதையும் இடையிலுள்ள பசைதான் தாங்குகிறது. பனிக்காலக் காலையிலும் கோடை மதியத்திலும் மாறி மாறிப் பயன்படும் ரைஃபிளில் அந்தப் பசை ஓரத்திலிருந்து விடத் தொடங்குவதில் வியப்பில்லை. பில்லரின் மேல்முகத்தை விரலால் அழுத்தித் திருகிப் பார்த்து, ஓரத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால், ஒட்டு விட்ட இடத்தில் அது உள்ளே இறங்கிவிடும்.

நாணயத் தட்டல்

அடுத்து வரும் இரண்டு அறிகுறிகளுக்கும் இதுவே அடிப்படைச் சோதனை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாணயத்தை விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்து, அதன் விளிம்பால் கட்டையின் மேல் ஒரு செ.மீ. இடைவெளியில் வரிசையாகத் தட்டிச் செல்ல வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கூர்மையாகவும் சீராகவும் இருக்கும். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் ஈர மரத்தில் தட்டியதுபோல் மங்கிவிடும். நுரை முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்திலும், பில்லர் இருக்கும் இடத்திலும் ஒலி இயல்பாகவே மாறும் என்பதால், ஒரு பக்கத்தில் மாற்றம் கேட்டவுடன் மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரேபோல் மாறினால் அது கட்டையின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் அது பிழை. விமானப் பாகங்களைச் சோதிப்பவர்களும் இந்த எளிய முறையை இன்றும் கைவிடவில்லை. கட்டை புதிதாக இருக்கும்போதே ஒருமுறை தட்டிக் காதில் பதித்துக்கொண்டவருக்குப் பின்னாளில் பாதி வேலை மிச்சம்.

அறிகுறி: கைப்பிடிக் கழுத்திலோ டேங்கின் (ஆக்‌ஷனின் வால்முனை) பின்னாலோ மெல்லிய கோடு

கோடு தெரிந்தவுடன் எழும் கேள்வி, விரிசல் விட்டது வண்ணமா கார்பனா என்பதே. டார்ச்சைக் கட்டையின் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து, பிறகு அந்த இடத்தை ஆல்கஹாலில் நனைத்துத் துடைக்கவும். மேற்பரப்பு சில நொடிகளில் உலர்ந்துவிடும். உள்ளே இறங்கிய விரிசலாக இருந்தால், உலர்ந்த பரப்பில் கோடு மட்டும் ஈரமாக, கருமையாக இன்னும் சிறிது நேரம் நிற்கும். கட்டையை மிதமாக வளைக்கும்போது கோட்டின் ஓரங்கள் ஒன்றையொன்று உரசினாலும், நாணயத் தட்டலில் கோட்டைச் சுற்றி ஒலி மங்கினாலும் அது கார்பனில் விழுந்த விரிசலே. இவை எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் மேல்பூச்சின் விரிசல். குறித்து வைத்துக்கொண்டு, நாற்பது ஐம்பது முறை சுட்ட பிறகு நீளம் மாறியதா என்று பார்த்தால் போதும்.

டேங்கின் பின்னால் வரும் விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. பின்னுதைப்பை ரீகாயில் லக் தாங்காமல், ஆக்‌ஷனின் வால்முனை கட்டையை ஆப்புபோல் பிளக்கிறது. டேங்கின் பின்னே ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் இது நேராது. பார்க்க அழகாக இருக்கட்டுமென்று அந்த இடைவெளியைப் பெடிங்கால் அடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த அழகுக்காகக் கட்டையே பிளந்துபோகும்.

கழுத்தில் விழுந்த விரிசலை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். உலோகம் வளைந்து எச்சரிக்கும், மரம் நாரோடு தொங்கும். கார்பன் அடுக்கோ 1.5 முதல் 2 சதவீத நீட்சிக்குள் திடீரென முறிந்துவிடும், அதுவரை வெளியே எதையும் காட்டாது. கழுத்தில் உண்மையான விரிசல் உறுதியானால் அந்த ரைஃபிளை மேலும் சுடக் கூடாது. தயாரிப்பாளரிடம் அனுப்புவதே ஒரே வழி.

இங்கே, கார்பன் இழை ரகத்தின் பெயரைச் சொல்லிக் கட்டை விற்கும் விளம்பரத்தைப் பற்றி ஒரு சொல். டி300 இழையின் இழுவலிமை 3,530 மெகாபாஸ்கல், டி700 இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல் என்பது உண்மை. விறைப்பில் இரண்டும் 230 ஜிகாபாஸ்கல் என்ற ஒரே அளவில் நிற்கின்றன. ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருப்பது பிசின் மட்டுமே, அங்குள்ள வலிமை 100 மெகாபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். கட்டைகள் விடுவது அங்கேதான் என்பதால், இழையின் பெயரைவிட அதை அடுக்கி இறுக்கிய கையின் நேர்த்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அறிகுறி: கீழே விழுந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை

இந்த நிலையில் மனநிறைவோடு எடுத்து வைத்துவிடுவதே பெரிய தவறு. மழுங்கிய பொருளின் அடி பட்டால், கார்பன் ஓட்டின் வெளிமுகம் ஒரு மங்கலான புள்ளியோடு தப்பிக்க, உட்புற அடுக்குகள் கூம்புபோல் விரிந்து பிரிந்துவிடக்கூடும். பாறையில் விழுந்த கட்டையில் அடிபட்ட புள்ளியை மையமாக வைத்து உள்ளங்கை அகலத்துக்கு நாணயத்தால் தட்டி, ஒலி மங்கும் எல்லையைப் பெயின்ட் மார்க்கரால் வரைந்து, அந்த வரைபடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளவும். கட்டையின் பின்பகுதியின் நடுவில் நாணய அளவில் ஒரு வட்டம் தெரிந்தால் கண்காணித்துக்கொண்டு பயன்படுத்தலாம், அடுத்த முறை வட்டம் பெரிதாகியிருந்தால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். கழுத்திலோ ரீகாயில் லக்கைச் சுற்றியோ எந்த அளவில் வட்டம் தெரிந்தாலும் காத்திருக்காமல் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அறிகுறி: உலோகப் பாகங்களைச் சுற்றி வெண்பொடி, அல்லது வண்ணம் கொப்புளமாக எழும்புகிறது

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அது அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு கலந்த ஈரமும் சேர்ந்தால், அந்த இணைப்பு சிறு மின்கலமாக மாறி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. கடலோரக் காற்றும் கை வியர்வையும் இதற்குப் போதும். நல்ல தயாரிப்பில் உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே மெல்லிய கண்ணாடி இழை அடுக்கோ போதிய எபாக்சியோ தடுப்பாக இருக்கும். உரிமையாளர்கள் பிறகு துளையிட்டுத் தாங்களே பொருத்திய ரெயில், ஸ்டட், பில்லர் ஆகியவற்றில்தான் அந்தத் தடுப்பு இருக்காது. பாகத்தைக் கழற்றி, பொடியைத் தேய்த்து அகற்றி, துளையின் உட்சுவரை எபாக்சியால் பூசி உலரவிட்டு, முடிந்தால் அலுமினியத்துக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம் பாகத்தைப் பொருத்தினால் இது திரும்ப வராது.

அறிகுறி: ஸ்லிங் ஸ்டட் ஆடுகிறது, பட் பேட் விடுகிறது

மரத்தில் ஸ்க்ரூ தானே பிடித்துக்கொள்ளும். இங்கே ஓட்டின் தடிமன் சில மி.மீ. மட்டுமே, அதற்குப் பின்னால் இருப்பது நுரை. ஆடும் ஸ்டட்டை இன்னும் இறுக்குவது துளையைப் பெரிதாக்குவதில்தான் முடியும். கழற்றி, உள்ளே உள்ள நுரையைக் கம்பியால் சிறிது குடைந்து எடுத்து, அந்தக் குழியில் கெட்டியான எபாக்சியை நிரப்பி, இறுகிய பின் துளையிட்டுப் பொருத்தினால் ஸ்டட்டுக்குப் பின்னால் ஓர் அடைப்பு உருவாகிவிடும். பட் பேட் விடுவதற்கு எண்ணெய் படிந்த விளிம்பே பெரும்பாலும் காரணம். ஆல்கஹாலால் துடைத்து, லேசாக உரசி, மீண்டும் ஒட்டினால் நிற்கும்.

அறிகுறி: மேற்பரப்பு மங்குகிறது, மஞ்சளாகிறது, கையில் ஒட்டுகிறது

மங்குவதும் மஞ்சளாவதும் புற ஊதாக் கதிரால். எபாக்சி வெயிலை நீண்ட காலம் தாங்காது, அதற்காகத்தான் மேலே தெளிபூச்சு இருக்கிறது. பூச்சு தேய்ந்து துணி நெசவு விரலில் உறுத்தத் தொடங்கும் முன் மறுபூச்சு அடித்துவிட வேண்டும். ஒட்டும் தன்மைக்குக் காரணம் வேறு: டீட் கலந்த கொசு விரட்டி பல பூச்சுகளையும் பிளாஸ்டிக்குகளையும் கரைத்துவிடும். அதைத் தடவிய கையோடு கட்டையைப் பிடித்தால் விரல் பதிந்த இடமெல்லாம் அடையாளமாக நிற்கும். குழல் துப்புரவுக்கான கரைப்பான்களையும் உடனே துடைத்துவிடுவது நல்லது. பழைய வண்ணத்தை எடுக்க மெத்திலீன் குளோரைடு உள்ள பெயின்ட் ரிமூவரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது பூச்சோடு நிற்காமல் எபாக்சியையும் தாக்கும்.

அறிகுறி: குலுக்கினால் உள்ளே நீரொலி

உள்ளே வெறுமையாக உள்ள கட்டைகளுக்கே இது வரும். பட் பேடைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, நிழலில் காற்றோட்டமாக இரண்டொரு நாள் உலரவிட வேண்டும். ஹீட்டர் முன் வைக்கக் கூடாது. நீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும் என்பதால், பனி விழும் இடங்களில் இதைத் தள்ளிப்போட முடியாது. நீர் நுழைந்த வழி ஸ்டட் துளையா, ஒட்டிய விளிம்பா என்பதைக் கண்டு அடைத்த பிறகே மூட வேண்டும்.

தேய்ப்பதும் கைவிடுவதும்

மேற்சொன்ன வேலைகளில் எதற்காக உப்புத்தாளை எடுத்தாலும், கார்பன் தூளைச் சாதாரணத் தூசியாக எண்ணக் கூடாது. அது தோலிலும் கண்ணிலும் மூச்சுப்பாதையிலும் உறுத்தும், மின்கருவிகளுக்குள் புகுந்தால் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். நனைத்துத் தேய்க்க வேண்டும், நுண்தூசிக்கான முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பூச்சு, ஸ்டட், பெடிங் ஆகியவை வீட்டு மேசையில் முடியும் வேலைகள். இழை அறுந்த இடத்தைச் சாய்வாகத் தேய்த்து அடுக்கடுக்காக ஒட்டும் பழுதுபார்ப்பு, தடிமனைப்போல் இருபது மடங்கிலிருந்து ஐம்பது மடங்கு வரை நீளமான சாய்வைக் கேட்கும். கழுத்தின் குறுகிய வளைவில் அதற்கு இடமே இருக்காது.

கழுத்து முறிந்த கட்டையைத் தயாரிப்பாளரும் ஏற்க மறுத்துவிட்டால், அதை அப்படியே குப்பையில் போட்டுவிடக் கூடாது. வெளியே பளபளப்பாக இருக்கும் அதை யாராவது எடுத்து வண்ணம் பூசி, தம் ரைஃபிளில் மாட்டிவிடுவார். பில்லர்களைக் கழற்றிக்கொண்டு, ஈரத்துணி சுற்றி, விரிசலின் மேலேயே ரம்பம் வைத்து இரண்டாக அறுத்த பிறகே எறிய வேண்டும்.